கலைக்கப்படாத வேலை

நட்டு ஒரு கிண்ணத்தில், போல்ட் ஒரு கிண்ணத்தில், வாஷர் ஒரு கிண்ணத்தில். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்த இளைஞர் ஒரு டப்பா முழுக்கப் பிரித்து வைத்துவிடுவார். ஒன்றுகூடக் கிண்ணம் மாறியிருக்காது. நான் அப்போது கோவையில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் சிறப்பாசிரியை. "வெரி குட்" என்று கை தட்டுவேன். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, மூன்று கிண்ணங்களையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கி வைப்பேன். மறுநாள் அவருக்கு வேலை வேண்டுமே.

ஒருநாள் டிபன் பையை மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்தார். நான் கொட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தார். முகத்தில் எதையும் காட்டுபவர் அல்ல. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், என் பக்கம் தள்ளினார். மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் தள்ளினார். நான்காவது முறை தன் கையைத் தானே கடித்துக்கொண்டார். அந்த வாரத்து அறிக்கையில், "பணியில் ஒத்துழைப்பு இல்லை, நடத்தைச் சிக்கல்" என்று எழுதினேன்.

அந்த வரியை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன். அவரிடம் சிக்கல் எதுவும் இல்லை. தான் செய்த வேலையை யாரோ தினமும் கலைத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் நம்மில் எவர் மறுநாள் அதே மேசையில் உட்காருவார்? வாயால் சொல்லத் தெரியாத ஒருவர் கையால் தள்ளிச் சொன்னார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வேலை தேடித்தரும் என் தொழில் அந்தத் தள்ளலில்தான் தொடங்கியது.

*

அந்த மையத்தைப் பழிக்க எனக்கு மனம் வராது. அங்கே இருந்த அத்தனை பேரும் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். மெழுகுவத்தி, காகிதக் கவர், வண்ணம் தீட்டிய அகல் விளக்கு என்று ஏதாவது செய்துகொண்டே இருப்போம். தீபாவளிக்கு முன்னால் கல்லூரிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மேசை போட்டு விற்போம். "பாவம், ரெண்டு வாங்கிக்கலாம்" என்று வாங்குவார்கள். அடுத்த வருஷம் அதே அம்மா வந்து, "போன தடவை வாங்குனதே பீரோல இருக்குதுங்க" என்பார். இரக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு மறுபடி ஆர்டர் வருவதில்லை.

இன்னொன்றையும் அப்போது நான் கவனிக்கவில்லை. இருபத்து நான்கு வயது ஆளை நாங்கள் "குழந்தை" என்றோம். அரசாங்கத் தாள்களில் ஆட்டிசத்துக்கு இருந்த தமிழ்ப் பெயரோ "புற உலகச் சிந்தனையற்ற" என்று தொடங்கும். அந்த இளைஞருக்கு காந்திபுரத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்களில் எந்த எண் எந்த ஊருக்குப் போகும் என்பது முழுக்க மனப்பாடம். புற உலகம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த உலகத்தில் அவருக்கு ஓர் இடம் காட்டத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

அவருடைய அம்மா மாதத்துக்கு ஒருமுறை வருவார். எல்லாத் தாய்மாரும் கேட்கும் அந்த ஒரே கேள்வியைக் கேட்பார்: "எங்களுக்கப்புறம் டீச்சர்?" என்னிடம் பதில் இருந்ததில்லை.

*

கோவையில் கணபதி, சின்னவேடம்பட்டி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் சந்துக்குச் சந்து பட்டறை. பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் உதிரி பாகம் செய்யும் இடங்கள். 2012-இல் ஒரு நோட்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு அங்கே ஏறி இறங்க ஆரம்பித்தேன். "நன்கொடை வேணா தர்றேனுங்க, ஆளக் கூட்டிட்டு வராதீங்க" என்றார் ஒருவர். "மெஷின்ல கைய விட்டுட்டா யாருங்க பதில் சொல்றது?" என்றார் இன்னொருவர். இரண்டாமவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பம்பு சர்வீஸ் கிட் போடும் ஒரு முதலாளியைப் பார்க்கப் போனபோது அவர் போனில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிமாநிலத்து வாடிக்கையாளர். பிரித்த கவரில் ஒரு ஓ ரிங் குறைகிறதாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஒரு ரூபா ஓ ரிங்குக்கு நூறு ரூபா கூரியர் போடறேனுங்க டீச்சர், இதுல பேரும் கெடுது" என்றார். நான் மனதில் தயாரித்து வைத்திருந்த பேச்சை எல்லாம் விட்டுவிட்டேன். "அந்தத் தலைவலிய எங்ககிட்ட குடுங்க" என்றேன்.

இந்தத் தொழிலில் நான் முதலில் கற்ற பாடம் இது. ஒரு பட்டறைக்குப் போய் இவருக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டால், எடுபிடி வேலைதான் கிடைக்கும். அதுவும் முதலாளியின் மனம் மாறும் வரைதான். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உண்மையான வேலை கண்ணில் படும்.

மையத்தில் நட்டும் போல்ட்டும் பிரித்த அந்த இளைஞரைக் கூட்டிப் போனபோது, முதலாளி நேர்காணல் வைக்கத்தான் விரும்பினார். "தம்பி, உன் பேரென்ன?" என்று கேட்டார். "தம்பி உன் பேரென்ன" என்று பதில் வந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசத்தில் சகஜம், அதில் துளியும் மரியாதைக் குறைவு கிடையாது என்று விளக்கினேன். பெயர் சொல்ல அந்த வேலையில் தேவையே இல்லை. கை செய்வதைப் பாருங்கள், மூன்று நாள் கூலி கொடுத்துச் சோதியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இன்று வரைக்கும் நான் நேர்காணலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. கண்ணைப் பார்த்துச் சிரித்துப் பேசத் தெரிந்தவரைத்தான் நேர்காணல் தேர்ந்தெடுக்கும். கிட் போடுகிறவருக்கு அது எதற்கு?

*

அவரை வேலைக்கு அழைத்துப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் நானே அந்த மேசையில் உட்கார்ந்து கிட் போட்டேன். ஒரு மாடலுக்கு பத்து வகை, இருபது உருப்படி. போல்ட் நான்கு, ஸ்பிரிங் வாஷர் நான்கு, பிளெயின் வாஷர் நான்கு, பெரிய ஓ ரிங் இரண்டு, சின்ன ஓ ரிங், மெக்கானிக்கல் சீல், கேஸ்கட், சர்க்ளிப், கீ, இம்பெல்லர் நட் ஒவ்வொன்று. எங்கே தப்பு வருகிறது என்று நானே தப்புப் பண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் வாஷர் எண்ணிக்கை போய்விடும். ஓ ரிங் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கவருக்குள் போட்ட பிறகு எது குறைகிறது என்று தெரியாது.

ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக் கற்றுத்தரும் இந்த முறைக்கு எனக்கு வழிகாட்டி, அமெரிக்காவைச் சேர்ந்த மார்க் கோல்ட். எதையும் கற்க முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைக் கொண்டு 15 பாகங்கள் உள்ள சைக்கிள் பிரேக்கைப் பொருத்திக் காட்டினார் அவர். 1970-களில் அவர் பரப்பிய முறையின் பெயரே "வேறு வழியில் முயன்று பார்" என்பதுதான். ஒருவர் கற்கவில்லை என்றால் மாற வேண்டியது சொல்லித்தருகிறவரின் வழி. அதே காலத்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் வளர்த்தெடுத்த "டீச்" முறை இன்னொன்றைச் சொல்லித்தந்தது. வேலை செய்யும் இடத்தில் நான்கு கேள்விகளுக்குப் பேச்சில்லாமலே, கண்ணால் பார்த்தே விடை தெரிய வேண்டும். என்ன வேலை? எவ்வளவு? முடிந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்து என்ன?

இந்த நான்கையும் பட்டறையின் ஃபிட்டர் அண்ணனிடம் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். மறுநாள் ஒரு பலகையில் இருபது குழி வெட்டிக் கொண்டுவந்தார். போல்ட்டுக்கு நீளக் குழி, வாஷருக்கு வட்டக் குழி, ஒவ்வொன்றும் அந்தந்தப் பாகம் மட்டும் உட்காரும் அளவில். இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தாலும் கண்ணில் அடிக்கும். எல்லாம் நிரம்பினால் கவரில் கவிழ்த்து, ஸ்டிக்கர் ஒட்டி, வலது பக்கத்துப் பெட்டியில் போட்டால் ஒரு கிட் முடிந்தது. இடது பக்கத்துக் கவர்கள் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. பட்டறைப் பெண்கள் அந்தப் பலகைக்கு "பல்லாங்குழி" என்று பெயர் வைத்தார்கள். சீக்கிரமே மற்றவர்களும் தங்களுக்கு ஒரு பல்லாங்குழி கேட்டு வாங்கினார்கள். குறை சொல்லி வரும் போன் நின்றுபோனதற்கு அந்தப் பலகைக்கும் பங்கு உண்டு. ஒருவருக்காகச் செய்த வசதி மொத்தப் பட்டறையின் தரத்தையும் ஏற்றியது.

முதல்நாள் கம்ப்ரெசர் காற்று விடும் சத்தத்தில் தம்பி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டார். மேசையை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினோம், காதுக்கு மஃப் வாங்கினோம். பவர் பிரஸ் இருக்கும் பக்கம் தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று படம் வரைந்து காட்டினோம். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவர் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. "மெஷின்ல கைய விட்டுட்டா" என்று கேட்டவருக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. விதியை விதியாகவே எடுத்துக்கொள்கிற தொழிலாளி ஆபத்தானவர் அல்ல.

அது மின்வெட்டுக் காலம். கோவைப் பட்டறைகள் நாள் கணக்கில் முடங்கிக் கிடந்த வருஷம். சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும்போதெல்லாம் அவர் பதறிப்போவார். ஓர் அட்டையில் இரண்டு படம் வரைந்தேன். அணைந்த பல்பு, பக்கத்தில் ஜன்னல் ஓர மேசை. கரண்ட் போனால் பல்லாங்குழியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்தில் பழகிவிட்டார். லேத்தும் பிரஸ்ஸும் நின்று மற்றவர்கள் வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மதியங்களில் அந்தப் பட்டறையில் உற்பத்தி நடந்த ஒரே இடம் அவர் மேசை.

*

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது நம் பேச்சுதான். "ஒரு நாலஞ்சு வாஷர் எடுத்துட்டு வா" என்றார் சூப்பர்வைசர். தம்பி நகரவில்லை. நாலா, அஞ்சா? நமக்கு அது ஒரே சொல், அவருக்கு இரண்டு எண்கள். "ஏழெட்டு", "பத்துப் பதினஞ்சு", "கொஞ்ச நேரம்", "இப்ப வந்துர்றேன்" என்று நாள் முழுக்க நாம் பேசுவதெல்லாம் இப்படித்தான். "மெஷினக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பார். பட்டறையில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினேன். எண்ணைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள், கிண்டலாகவோ மறைமுகமாகவோ சொல்ல வேண்டாம். "நாலஞ்சு" என்று சொல்ல வேண்டாம், "அஞ்சு" என்று சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து சூப்பர்வைசரே வந்து, புதிதாகச் சேர்ந்த வடநாட்டுப் பையன்களிடமும் இப்படித்தான் பேசுவதாகவும், திரும்பச் செய்யும் வேலை குறைந்துவிட்டதாகவும் சொன்னார்.

ஒன்று மட்டும் எனக்கும் தோன்றவில்லை. பேக்கிங்கில் ஓர் அக்கா இருந்தார். டீ இடைவேளையில் தம்பி கேட்டருகே நின்று சத்தி ரோட்டில் போகும் பஸ்களின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பார், அந்த அக்கா பக்கத்தில் நின்று "ம்" கொட்டுவார். வேலை செய்யும் நேரத்தைவிட வேலை இல்லாத அந்தப் பத்து நிமிஷம்தான் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கஷ்டம். அதை யாரும் சொல்லித்தராமலே கடக்க உதவியவர் அவர். கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் வேலையை விட்டு நின்றார். கடைசி நாள் மாலை எல்லோரிடமும் சொல்வதைப் போலத் தம்பியிடமும், "போயிட்டு வர்றேன் சாமி" என்றார்.

மறுநாள் டீ இடைவேளை முடிந்தும் தம்பி கேட்டை விட்டு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வர்றேன் என்று சொன்னவர் வர வேண்டும் அல்லவா? மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. பிரியும்போது "போகிறேன்" என்று சொல்லக் கூடாது என்பது நம் பண்பாடு. அந்தப் பண்பாட்டை யாரும் அவருக்கு விளக்கியதில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். அழுதுவிட்டார். போனிலேயே தம்பியிடம், "அக்கா இனிமே வரமாட்டேன், வேற ஊர்ல இருக்கறேன், வாராவாரம் ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்" என்று சொன்னார். தம்பி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. இப்போதும் வருகிறது.

*

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அது பொய். ஒரு பெரிய கடையில் இன்னோர் இளைஞரைச் சேர்த்தேன். கடைக்காரர் மனமுவந்து இடம் கொடுத்தார், கிடைத்த இடத்தை விடக் கூடாது என்று அவசரப்பட்டேன். பில் போடும் இடத்தில் பொருள்களைப் பையில் எடுத்து வைக்கும் வேலை. கூட்டம், பாட்டு, ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசுவார்கள். ஒன்பதாம் நாள் அவர் தரையில் படுத்துவிட்டார். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை. காலியாக இருக்கும் இடத்தில் ஆளைத் திணிக்கக் கூடாது. முதலில் ஆளைப் படிக்க வேண்டும், இடத்தைப் பிறகு தேட வேண்டும்.

சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. பெரும்பாலும் எது முடியாது, எது குறைவு என்று அளப்பவை. சான்றிதழுக்கு அது வேண்டும். வேலைக்கு என் நோட்டில் வேறு கேள்விகள் இருக்கின்றன. வீட்டில் யாரும் சொல்லாமல் இவர் எதை அடுக்கிவைக்கிறார்? எந்தச் சத்தத்துக்கு ஓடுகிறார், எதைத் தேடிப் போகிறார்? தப்பு ஒன்று கண்ணில் பட்டால் சும்மா இருக்கிறாரா, திருத்துகிறாரா? தனியாக எவ்வளவு நேரம்?

அந்தக் கேள்விகளை வைத்துத்தான் பேச்சே இல்லாத ஓர் இளைஞருக்கு தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை அமைந்தது. குழித்தட்டில் 98 குழி. தென்னைநார்க் கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை. வீட்டில் அரிசியை ஒவ்வொன்றாகத் தரையில் வரிசை வைப்பார் என்று அவருடைய தாத்தா குறைபட்டுக்கொண்டதைத்தான் நோட்டில் எழுதியிருந்தேன். அவரால் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் முடியும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு குழிகூடக் காலியாக இருக்காது, இரட்டை விதையும் விழாது. எட்டு மணி நேரம் முடியாதவருக்கு வேலையே இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வேலையை அவர் அளவுக்கு வெட்டித் தைப்பதுதான் என் தொழில்.

திருப்பூரில் ஒரு பெண். புதுச் சட்டையின் காலர் லேபிள் கழுத்தில் உரசினால் தாங்க மாட்டார், கழற்றி எறிவார். துணியை அவ்வளவு நுட்பமாக உணர்கிற அந்த விரல்களுக்குப் பின்னலாடைக் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை பொருந்திப் போனது. அவரை அனுப்ப அப்பாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பெண் பிள்ளை, வாய் பேசிச் சொல்லத் தெரியாது, ஏதாவது நடந்தால்? அந்தப் பயம் பொய்யில்லை. சித்தி முறையான ஒருவர் வேலை பார்க்கும் அதே செக்‌ஷனில், அவரோடு போய் அவரோடு வருவது என்று ஏற்பாடு செய்த பிறகுதான் சரி என்றார். ஆட்டிசம் உள்ள பெண்கள் வேலைக்கு வருவது மிக அரிது. பாதுகாப்பான வழித்துணையை யோசிக்காமல் அவர்களுக்கு வேலை பற்றிப் பேசுவது வீண்.

*

2004-இல் டென்மார்க்கில் தோர்கில் சோன் என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, ஆட்டிசம் உள்ளவர்களைக் கொண்டு மென்பொருள் சோதிக்கும் நிறுவனம் தொடங்கினார். எஸ்.ஏ.பி நிறுவனம் 2013-இல் உலக அளவில் இதற்கென்று ஒரு திட்டம் அறிவித்தது. அதற்கு முன்பே அதன் பெங்களூருக் கிளையில் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். நல்ல செய்திகள். ஆனால் அவை செய்தித்தாளில் வந்தபோதெல்லாம் பெற்றோர், "என் பையனும் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரனா இருப்பானுங்களா?" என்று கேட்டு வந்தார்கள். சிலர் இருப்பார்கள், பலர் இருக்க மாட்டார்கள். அபூர்வத் திறமை இருந்தால்தான் வேலை என்றால், சாதாரணத் திறமை உள்ள நாம் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பெற்றோருக்கு நான் டொனால்ட் டிரிப்லெட்டின் கதையைச் சொல்வேன். 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் முதல் பிள்ளை டொனால்ட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிறிய ஊர்க்காரர். அதே ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். ஊரே அவரைத் தெரிந்து, அவர் போக்கிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது. இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுவேன். அந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தோடு தொடர்புள்ளது. நம் பிள்ளைகளுக்குத் தாத்தா வங்கி வைத்துவிட்டுப் போகவில்லை. டொனால்டுக்குக் குடும்பம் கொடுத்த இடத்தை இங்கே பட்டறையும் பண்ணையும் அரசும்தான் கொடுக்க வேண்டும்.

அரசு தாமதமாகத்தான் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் அது வேலைக்கான சட்டம் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகுதான், அரசுப் பணியிடங்களில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் ஒரு சதவீதத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றது. அந்த ஒரு சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியாருக்கு ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தில் உள்ள "நியாயமான வசதி" என்ற கருத்தை நான் மதிக்கிறேன். எங்கள் பல்லாங்குழிக்கும் மஞ்சள் கோட்டுக்கும் ஜன்னல் அட்டைக்கும் சட்டத்தில் உள்ள பெயர் அதுதான்.

*

இனி சம்பளம். இதில் நானும் தவறியிருக்கிறேன். மூன்று நாள் சோதனை முடிந்ததும் முதலாளி, "பயிற்சிக் காலம்னு வெச்சுக்கலாங்க, மாசம் ரெண்டாயிரத்து ஐநூறு உதவித்தொகை" என்றார். வேலை கிடைத்ததே பெரிது என்று தலையாட்டினேன். மூன்று மாதம் என்ற பயிற்சிக் காலம் இரண்டு வருஷம் ஓடியது. அதே மேசையில் அதே கிட்டைப் போடும் மற்றவர்களுக்குச் சம்பளம், பி.எஃப், இ.எஸ்.ஐ. இவருக்கு உதவித்தொகை. கேட்க எனக்கு வாய் எழவில்லை. கேட்டால் இருப்பதும் போய்விடுமோ என்ற பயம்.

2014 கோடையில் தம்பிக்கு அம்மை போட்டது. பதினைந்து நாள் வரவில்லை. எட்டாம் நாள் முதலாளி போன் செய்தார். "தம்பி எப்பங்க வருவாப்ல? ரெண்டு பேர அந்த மேசைல போட்டிருக்கறேன், லோடு கெளம்ப மாட்டேங்குது." அன்று எனக்கு வாய் எழுந்தது. "அந்த ரெண்டு பேருக்கும் உதவித்தொகைதான் குடுக்கறீங்களாங்க?" என்று கேட்டேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. "நேர்ல வாங்க டீச்சர்" என்றார். நல்ல மனிதர். தப்பு என்று தெரிந்ததும் திருத்திக்கொண்டார். கேட்க வேண்டிய நான்தான் இரண்டு வருஷம் கேட்காமல் இருந்தேன். அன்று முதல் என் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பயிற்சி என்றால் முடியும் தேதி வேண்டும், வேலை என்றால் சம்பளம் வேண்டும்.

அர்த்தமுள்ள வேலை எது என்று கூட்டங்களில் கேட்பார்கள். கம்ப்யூட்டரா, கையால் செய்வதா, பெரிய கம்பெனியா, சின்னப் பட்டறையா என்பது எனக்குப் பொருட்டில்லை. நான் பார்ப்பது இரண்டுதான். ஒருவர் வராத நாளில் அங்கே ஏதாவது நிற்கிறதா? வந்த நாளுக்கு மற்றவர்களுக்குக் கிடைப்பது அவருக்கும் கிடைக்கிறதா? இந்த இரண்டும் இல்லாத எந்த வேலையும் மாலையில் கிண்ணத்தைக் கொட்டிக் கலக்குகிற வேலைதான்.

பி.எஃப் சேர்க்கும் நாளில் அம்மாவையும் வரச் சொன்னேன். அலுவலக அறையில் கிளார்க் ஃபாரத்தை நீட்டினார். தம்பி பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக, கட்டத்துக்கு ஒன்றாகத் தன் பெயரை எழுதினார். நாமினி இருக்கும் இடம் வந்தது. "இங்க யார் பேரு?" என்றார் கிளார்க். "இங்க யார் பேரு" என்றார் தம்பி. "காசு யாருக்குச் சேரணும்னு..." என்று அம்மா தயங்கித் தயங்கி விளக்க ஆரம்பித்தார். எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவரே இல்லாத ஒரு நாளைப் பற்றி அவரிடம் எப்படிப் பேசுவது?

"உன்னோட ஆள் பேரு" என்றார் கிளார்க், வேறு யோசனை இல்லாமல்.

தம்பி சட்டைப் பையில் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தார். முதல்முறை தனியாகப் பஸ்ஸில் அனுப்பியபோது நான் லேமினேட் செய்து கொடுத்தது. வழி தவறிக் காணாமல் போனால் காட்டுவதற்காக. அம்மாவின் பெயர், கீழே போன் எண். அட்டையை ஃபாரத்துக்குப் பக்கத்தில் நேராக வைத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, அம்மாவின் பெயரைப் பார்த்து எழுதினார்.

அம்மா அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருசமா எல்லா ஃபாரத்துலயும் இவன் பேரு என் பேருக்குக் கீழதான் டீச்சர் இருந்துச்சு" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகன் நேரமாகிறது என்று எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போவதைப் பார்த்தார். மேசையில், காலையில் பாதியில் விட்டுவந்த பல்லாங்குழி விட்ட இடத்திலேயே இருந்தது. ஏழாவது குழியிலிருந்து தொடங்கினார்.